இயந்திரத்துக்கு ஒரு திங்கட்கிழமை

விமர்சனம் எழுத நாவலும் சினிமாவும்தான் வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அரசாங்கச் சுற்றறிக்கையும் ஒருவகை எழுத்துதான். அதிலும் பாத்திரங்கள் உண்டு, முடிச்சு உண்டு, சில சமயம் அருமையான நகைச்சுவையும் உண்டு. எழுதியவருக்கே தெரியாமல் அது வந்து உட்கார்ந்திருக்கும். இந்த வாரம் அப்படிப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

தேதி: 2025 ஜூலை 8. எழுதியவர்கள்: மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம். வாசகர்கள்: மாநில அரசுகள். பொருள்: நூறு நாள் வேலைத் திட்டத்தில் செல்போன் வழியாக எடுக்கப்பட்ட வருகைப் பதிவு. விலை: இலவசம். சிலருக்கு மட்டும் ஒரு நாள் கூலி.

இதை டெல்லியில் உட்கார்ந்து வாசித்தால் ஒரு மாதிரி இருக்கும். திருவண்ணாமலையில் வைத்து வாசித்தால்தான் முழுசாகப் புரியும். நமக்கெல்லாம் திருவண்ணாமலை என்றால் பௌர்ணமி, பதினாலு கிலோமீட்டர் கிரிவலம், நடு ராத்திரியில் பஸ்ஸில் இடம்பிடிக்கும் யுத்தம். ராஜகோபுரம் கண்ணிலிருந்து மறைகிற தூரத்துக்குப் போய்ப் பாருங்கள். வேறு ஊர் தெரியும். மல்லாட்டைக் கொல்லை, தண்ணீருக்குக் காத்திருக்கும் ஏரி, ஏரிக்குள்ளே மண்வெட்டியும் கூடையுமாகப் பெண்கள். 2006 பிப்ரவரி 2-ம் தேதி இந்தியாவின் 200 மாவட்டங்களில் அந்தத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்டவை ஆறே ஆறு மாவட்டங்கள். திருவண்ணாமலை அதில் ஒன்று. சட்டத்தின் நீளமான பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை. ‘ஏரி வேலை’ என்றார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்து வருகைப் பதிவேடு ஒன்றும் வேதப் புத்தகம் இல்லை. வேலைக்கு வராதவர் பெயர் அதில் இருந்தது, வந்தவர் பெயர் இல்லாமலும் இருந்தது. ஆள் வெட்ட வேண்டிய மண்ணை ஜே.சி.பி. வெட்டிவிட்டுப் போன கதைகள் எல்லா மாநிலத்திலும் உண்டு. இதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று யோசித்தவர்களுக்கு, எல்லோர் கையிலும் இருக்கும் செல்போன் கண்ணில் பட்டது. 2021 மே மாதம் என்.எம்.எம்.எஸ். என்ற செயலி வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை வேலை செய்கிறவர்களை நிற்க வைத்துப் படம் எடுக்க வேண்டும். இடமும் நேரமும் படத்தோடு பதிவாகும். 2022 மே முதல் இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் கட்டாயம். 2023 ஜனவரி 1 முதல் எல்லா இடத்திலும் கட்டாயம்.

கேமரா பொய் சொல்லாது என்பது நம்பிக்கை. இரண்டரை வருஷம் கழித்து வந்ததுதான் மேற்படி ஜூலை சுற்றறிக்கை. கேமராவை எப்படியெல்லாம் பொய் சொல்ல வைத்தார்கள் என்று அமைச்சகமே அதில் ஏழு வகையாகப் பட்டியல் போட்டிருக்கிறது.

சம்பந்தமே இல்லாத படத்தை ஏற்றியிருக்கிறார்கள். ஆளைப் படம் எடுப்பதற்குப் பதில், ஏற்கெனவே எடுத்த படத்தையே படம் எடுத்திருக்கிறார்கள். படத்தில் இருக்கும் தலைகளுக்கும் கணக்கில் இருக்கும் பெயர்களுக்கும் பொருத்தமில்லை. பெண்கள் என்று எழுதிய இடத்தில் ஆண்கள் நிற்கிறார்கள், ஆண்கள் என்று எழுதிய இடத்தில் பெண்கள். ஒரே ஆள் பல பட்டியல்களில் காட்சி தருகிறார். காலைப் படத்தில் இருந்தவர்கள் மத்தியானப் படத்தில் வேறு ஆட்களாக மாறியிருக்கிறார்கள். சில இடங்களில் மத்தியானப் படமே கிடையாது.

படத்தைப் படம் எடுத்தவருக்கு ஒரு பாராட்டு. கோடிக்கணக்கில் செலவாகும் தொழில்நுட்பத்தை ஒரு பழைய போட்டோ வைத்துத் தோற்கடித்தவர் அவர். திருடுகிறவனின் திறமையை இயந்திரம் ஒருநாளும் குறைப்பதில்லை. வேறு வேலை கொடுக்கிறது, அவ்வளவுதான்.

சுற்றறிக்கையின் உச்சகட்டம் அதன் தீர்வில் இருக்கிறது. என்ன செய்யச் சொல்கிறது தெரியுமா? ஏற்றப்படும் படங்களை ஊராட்சி அளவில் மனிதர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒன்றிரண்டை அல்ல, நூற்றுக்கு நூறையும். அதற்கு மேலே வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கைப் பார்க்க வேண்டும். ஆள் பார்த்தால் தப்பு நடக்கிறது என்று இயந்திரத்தை வைத்தோம். இயந்திரம் பார்ப்பதைப் பார்க்க இப்போது ஆள் வைக்கிறோம். முன்பு ஒரு பொறுப்பாளர் ஏரியில் நின்று நிஜ ஆட்களைப் பார்த்தார். இனி ஒருவர் ஆபீஸில் உட்கார்ந்து, அந்த ஆட்களின் படத்தைப் பார்ப்பார். பார்க்கிறவர் ஏரியைவிட்டு நகர்ந்ததுதான் மிச்சம்.

*

ஏரியில் நின்ற பொறுப்பாளருக்கு என்ன தெரியும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யார் நிஜமாக மண் வெட்டுகிறார்கள், யார் வேப்பமரத்து நிழலில் வெற்றிலை மடிக்கிறார்கள் என்று தெரியும். யார் மருமகளுக்குப் பதிலாக வந்திருக்கிறார் என்று தெரியும். எழுபது வயதுப் பாட்டியால் மண் சுமக்க முடியாது, அவரைத் தண்ணீர் கொடுக்கும் வேலைக்கு விட வேண்டும் என்று தெரியும். அவர் தப்பும் செய்யலாம், சொந்தக்காரருக்குச் சலுகையும் காட்டலாம். ஆனால் அவரோடு சண்டை போடலாம். ‘ஏன்யா, நேத்து நான் வரல? உன் கண்ணு எங்க போச்சு?’ என்று ஊர் நடுவில் கேட்டுவிடலாம்.

செயலிக்கு முகம் தெரியும், வேலை தெரியாது. படம் எடுத்த பிறகு வெட்டிய மண்ணின் அளவு அதில் விழாது. சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் படம் ஏறவில்லை என்றால், காலையிலிருந்து வெயிலில் நின்றவர் வராதவர் ஆகிவிடுவார். இப்படி ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கூலி ஏறவில்லை என்று பொறுப்பாளரிடம் கேட்கிறார். ‘நான் என்னம்மா பண்ணட்டும், சிஸ்டம் எடுத்துக்கல.’ ஊராட்சி செயலரிடம் போகிறார். ‘மேல இருந்து பண்றது, எங்க கையில இல்ல.’ ஒன்றிய அலுவலகத்துக்குப் போகிறார். ‘சர்வர் பிராப்ளம்.’ மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் பயங்கரம். எல்லோரும் உண்மை பேசுகிறார்கள், கூலி மட்டும் காணோம்.

இன்னொரு வேடிக்கை. காலையில் வந்தாரா, மத்தியானம் இருந்தாரா என்று நிமிஷக் கணக்கில் பார்க்கத் தெரிந்த அமைப்புக்கு, கூலியை மட்டும் அந்த வேகத்தில் அனுப்பத் தெரியவில்லை. 2024-25-ல் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 319 ரூபாய். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் அது வாரக்கணக்கில் நின்றுபோய், மாதக்கணக்கில் இழுத்தது. 1,056 கோடி ரூபாய் நிலுவையை விடுவிக்கும்படி 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டிவந்தது. பணம் வந்தது ஏப்ரல் கடைசியில். தொழிலாளி பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் பிடிக்கச் செயலி இருக்கிறது. அரசாங்கம் நான்கு மாதம் தாமதமாக வந்தால் பிடிக்க எந்தச் செயலியும் இல்லை. தாமதத்துக்கு இழப்பீடு என்று சட்டத்தில் எழுதியிருந்தது. எழுதியிருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நம் ஊர் கேமராக்கள் பெரும்பாலும் மேலேயிருந்து கீழே பார்க்கும்படிதான் மாட்டப்படுகின்றன. கம்பத்தின் உயரம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை.

*

‘இதெல்லாம் சாதாரண செல்போன் போட்டோ. ஏ.ஐ. எங்கே வந்தது?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அது ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. முதலில் படம். 2025-ல் தொழிலாளியின் முகத்தை ஆதாரோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை தொடங்கியது. அந்த டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, 125 நாள் வேலை என்று ‘விபி ஜி ராம் ஜி’ சட்டத்தை நிறைவேற்றியது. திட்டமிடவும் தணிக்கை செய்யவும் மோசடியைக் கண்டுபிடிக்கவும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது அந்தச் சட்டத்தின் வாசகத்திலேயே இடம்பிடித்துவிட்டது. மண்வெட்டி பிடிக்கும் வேலைக்கான சட்டத்தில் ஏ.ஐ. என்ற சொல் வந்துவிட்டது. சாஃப்ட்வேர்காரர்கள்கூட இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மோசடியைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் என்றால் அதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. நெதர்லாந்து. நம்மைவிடப் பணக்கார நாடு, நம்மைவிட ஒழுங்கான நாடு. அங்கே குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்பவர்களைக் கண்டுபிடிக்க வரித்துறை முனைந்தது. யார்மேல் சந்தேகப்படலாம் என்று மதிப்பெண் போட ஒரு மென்பொருள். அது கவனித்த விஷயங்களில், மனு போட்டவர் அந்நாட்டுக் குடியுரிமை உள்ளவரா என்பதும் ஒன்று. ஆயிரக்கணக்கான பெற்றோர் செய்யாத மோசடிக்குக் குற்றவாளிகள் ஆனார்கள். வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடனில் தள்ளினார்கள். குடும்பங்கள் உடைந்தன. 2021 ஜனவரியில் அந்த அரசாங்கமே ராஜினாமா செய்தது. பல வருஷமாக அந்தப் பெற்றோர் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்வி: நான் என்ன தப்பு செய்தேன் என்று யாராவது சொல்லுங்களேன்.

அந்த ஊர் பாட்டிக்கும் நம் ஏரிக்கரைப் பாட்டிக்கும் பாஷைதான் வேறு.

*

திருவண்ணாமலை மாவட்டத்தில் இயந்திரம் புதிதாக வந்து இறங்கவில்லை. ஆரணிக்குப் போங்கள். பட்டுத் தறியின் தலைமேல் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். ஜக்கார்டு. 1804-ல் பிரான்சில் அந்தப் பெயருள்ளவர் செய்தது. அட்டையில் ஓட்டை போட்டு வரிசையாகக் கோத்துவிட்டால், எந்த இழை தூக்க வேண்டும், எது கிடக்க வேண்டும் என்று அந்த ஓட்டைகளே தறிக்குச் சொல்லும். சேலையில் மாங்காயும் மயிலும் தானாக வரும். இதே ஓட்டை அட்டையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொள்ள நினைத்தார். 1890-ல் அமெரிக்கா மக்கள்தொகையைக் கணக்கிட்டதும் இதே மாதிரியான அட்டையில்தான். பூப்போடக் கண்டுபிடித்த அட்டை, ஆள் எண்ணும் வேலைக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டரின் பூர்விகம் தறிக்குழி என்றால் ஆரணிக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஜக்கார்டு வந்தபோதும் திறமை போயிற்று. ஒவ்வொரு இழையையும் கையால் தூக்கிப் பூப்போட்டவர்களுக்கு வேலை குறைந்தது. அந்த இழப்பு உண்மை, அதைப் பூசி மெழுகக் கூடாது. ஆனாலும் தறியில் உட்கார்ந்தவரிடம் ஒரு அதிகாரம் மிச்சமிருந்தது. மயிலின் கழுத்து கோணலாக வந்தால் அவர் கண்ணுக்குத் தெரியும், தறியை நிறுத்தலாம், அட்டையைக் கழற்றிப் பார்க்கலாம், சரிபண்ணிவிட்டு மறுபடி மிதிக்கலாம். தப்பைப் பார்க்கும் கண்ணும் நிறுத்தும் கையும் ஒரே ஆளிடம் இருந்தன.

இன்று வேலையிடத்துக்கு வரும் இயந்திரங்களில் எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். வேலை போய்விடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போகும், சில வரும். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது, அதற்கு ஏ.ஐ. காரணம் இல்லை என்று அதன் தலைவர் சொன்னார். சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளையை நம்பிப் பேங்க்கில் கடன் வாங்கிய குடும்பத்துக்குக் காரணம் எதுவானால் என்ன? ஆனால் வேலை மிஞ்சியவர்களைப் பாருங்கள். கண் இருக்கிறது, நிறுத்தும் கை இல்லை. பாட்டி வந்தது பொறுப்பாளருக்குத் தெரியும், சிஸ்டத்தில் ஏற்ற முடியாது. நல்ல பையன் என்று மேனேஜருக்குத் தெரியும், மென்பொருள் அவன் விண்ணப்பத்தை முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிட்டது. கடனைக் கட்டிவிடுவார் என்று பேங்க்கில் இருப்பவருக்குத் தெரியும், திரையில் மதிப்பெண் குறைவு. தெரிந்ததைப் பயன்படுத்த முடியாமல் ஐந்து வருஷம் உட்கார்ந்தால் ஆறாவது வருஷம் தெரிந்துகொள்வதையே நிறுத்திவிடுவார்கள். திறமை அப்படித்தான் துருப்பிடிக்கிறது.

*

தமிழ்நாடு இந்த விஷயத்தில் யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2020 செப்டம்பரில் பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கை ஒன்றை மாநில அரசு வெளியிட்டது. இந்தியாவில் இப்படி யோசித்த முதல் மாநிலங்களில் ஒன்று நாம். வெளிப்படைத்தன்மை, பொறுப்பேற்றல், தவறான பயன்பாட்டைத் தடுத்தல், எல்லோருக்கும் எட்டாத டிஜிட்டல் வசதி, அறநெறி, பாரபட்சமின்மை என்று எல்லாத் தலைப்பும் அதில் இருக்கிறது. ஒரு ஏ.ஐ. மென்பொருளைப் பொதுமக்களிடம் கொண்டுபோவதற்கு முன் அதற்கு மதிப்பெண் போட ஓர் அட்டையும் வகுத்திருக்கிறார்கள். நல்ல ஆவணம். நேரம் கிடைத்தால் படியுங்கள்.

குறை எழுத்தில் இல்லை, எழுத்துக்கும் ஏரிக்கும் உள்ள தூரத்தில் இருக்கிறது. மாநிலம் கொள்கை எழுதும், செயலி டெல்லியிலிருந்து வரும். அடுத்த ஆண்டே, 2021 அக்டோபரில், நம் காவல்துறைக்கு முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் வந்தது. தெருவில் போகிறவரைப் படம் எடுத்துப் பழைய குற்றவாளிப் பட்டியலோடு ஒப்பிடலாம். பிக்பாக்கெட்டைப் பிடிக்க உதவினால் நல்லதுதான். 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள்ளேயே வெளியாள் புகுந்துவிட்டதைக் காவல்துறை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பாஸ்வேர்டு களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகம் களவு போனால் என்ன செய்வது?

*

இயந்திரமே வேண்டாம் என்று சொல்கிறவன் நான் இல்லை. கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் சேரும் ஜனத்தைக் கண்ணால் எண்ணி மேய்ப்பது எந்த எஸ்.பி.யாலும் ஆகாது. கேமராவும் கணக்கும் வேண்டும். ஆனால் 2025 பிரயாக்ராஜ் கும்பமேளாவை நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான கேமராக்கள், அவற்றில் சிலவற்றில் கூட்டத்தின் நெருக்கத்தைக் கணக்கிடும் ஏ.ஐ. ஜனவரி 29 விடியற்காலை நெரிசலில் 30 பேர் இறந்தார்கள் என்றது அரசாங்கம். கூட்டம் சேருவது திரையில் தெரிவது ஒன்று. இந்த வழியை மூடு, அந்த வழியைத் திற என்று ஒருவர் நேரத்தோடு முடிவெடுப்பது வேறு.

அதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்பு திருவண்ணாமலையில் நடந்தது இது. 2024 டிசம்பர் 1-ம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் போய்விட்டார்கள். தீபத்துக்கு இரண்டே வாரம்கூட இல்லை. பக்தர்களை மலையேற விடலாமா? மண்ணியல் தெரிந்தவர்கள் மலைக்கே போய் மண்ணைத் தொட்டுப் பார்த்தார்கள். இந்த வருஷம் பக்தர்கள் ஏற வேண்டாம், தீபம் ஏற்றும் வேலைக்குத் தேவையானவர்கள் மட்டும் போகலாம் என்று முடிவானது. வருஷா வருஷம் ஏற்றும் பர்வதராஜ குலத்தார் 2,668 அடி உயரத்தில் டிசம்பர் 13 மாலை தீபத்தை ஏற்றினார்கள்.

அந்த முடிவில் பலருக்கு வருத்தம் இருந்தது. வாதாடினார்கள். வாதாட முடிந்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். முடிவுக்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது. சொன்னவர்களுக்கு முகம் இருந்தது. தப்பாகப் போயிருந்தால் யாரைக் கேட்பது என்று ஊருக்கே தெரியும்.

திங்கட்கிழமை காலை வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருக்கிறீர்களா? எந்த மாவட்டமானாலும் காட்சி ஒன்றுதான். மக்கள் குறைதீர்க்கும் நாள். கையில் மனுவோடு நீண்ட வரிசை. பட்டா, முதியோர் பென்ஷன், பாதைத் தகராறு. எல்லாம் தீர்ந்துவிடும் என்று வந்தவர்களுக்கே நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து மனுவை வாங்கித்தான் ஆக வேண்டும். பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர் நிமிர்ந்து ஒரு தடவை முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பழைய ஏற்பாடு, ஆமை வேக ஏற்பாடு. எனக்குத் தெரிந்து ஏ.ஐ. விஷயத்தில் இவ்வளவு தெளிவான கொள்கை வேறெதுவும் இல்லை.

கேட்பது அதிகம் இல்லை. அரசாங்கமோ கம்பெனியோ, ஓர் இயந்திரத்தின் பேச்சைக் கேட்டு ஒருவரின் கூலியை, பென்ஷனை, வேலையை நிறுத்துவதாக இருந்தால் மூன்று விஷயம் வேண்டும். என்ன காரணம் என்று அவருக்குப் புரிகிற தமிழில் ஒரு சீட்டு. அந்த முடிவை மாற்றும் அதிகாரத்தோடு, எட்டுகிற தூரத்தில் ஓர் ஆள். மாற்றும்வரை, சந்தேகத்தின் பலன் மனிதருக்கு. கோயில் வரிசையில் தரிசன நேரத்தைக் கணக்கிடும் மென்பொருளுக்கு இதெல்லாம் வேண்டாம். 319 ரூபாயை நிறுத்தும் மென்பொருளுக்கு வேண்டும்.

ஜூலை 8 சுற்றறிக்கைக்கு என் தீர்ப்பு: தொடக்கம் விறுவிறுப்பு, நடுவில் நல்ல நகைச்சுவை, முடிவு சொதப்பல். கதாநாயகி கடைசிவரை வசனமே பேசவில்லை. ஏழு வகைத் தப்பை எண்ணத் தெரிந்த ஆசிரியர்களுக்கு, படம் ஏறாததால் கூலி போன பாட்டி எட்டாவது வகை என்று தோன்றவில்லை.

அடுத்த தடவை ஏதாவது ஒரு கவுன்ட்டரில் ‘சிஸ்டம் எடுத்துக்கல சார்’ என்று உங்களிடம் சொன்னால் கோபப்படாதீர்கள். அவர் பாவம், நிறுத்தும் கை இல்லாதவர். மெதுவாக ஒன்று மட்டும் கேளுங்கள்: ‘சரிங்க. இந்த சிஸ்டத்துக்கு திங்கட்கிழமை எங்கே?’